ஏழரை ஆவர்த்தனம்

"எங்கள் காலத்தில் பாட்டு என்றால்..." என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது. அப்படி ஆரம்பிக்கிறவருக்கு அறுபது தாண்டியிருக்கும், முழங்காலில் வலி இருக்கும், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மூன்று சொற்கள் தெரிந்திருக்கும். எனக்கு மூன்றும் உண்டு. கிளம்புகிறவர்கள் இப்போதே கிளம்பலாம்.

எங்கள் காலம் என்பது எழுபதுகள். ஊர் கோவில்பட்டிப் பக்கம். பாட்டு கடல் தாண்டி வந்துகொண்டிருந்தது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு எங்கள் தெருவில் உள்ளூர் நிலையத்தைவிடத் தெளிவாகக் கேட்கும். டீக்கடை ரேடியோவுக்குக் கீழே நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்போம். ஒரு பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நோட்டுதான். பல்லவி திரும்பத் திரும்ப வரும், ஆகவே முதல் நாளே சிக்கிவிடும். சரணத்தின் முதலடியை எழுதுவதற்குள் இரண்டாமடி ஓடிவிடும். மூன்றாமடியில் குரல் மேலே ஏறும்போது எழுதுவதை மறந்து வாயைப் பிளந்திருப்போம். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது பென்சிலுக்கு ஓய்வு. பிறகு இடையிசை, அப்புறம் அதே மெட்டில் வேறு சொற்களோடு இரண்டாம் சரணம். விட்டதைப் பிடிக்க அந்தப் பாட்டு மறுபடி ஒலிபரப்பாகும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். இன்று பாட்டு தொடங்குமுன்பே வரிகள் கைபேசித் திரையில் வந்து நிற்கின்றன. பாடுகிற சொல்லுக்கு நிறம்கூட மாறுகிறது. யாரும் படிப்பதில்லை.

காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் இருந்தது. தியேட்டர் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். மங்கிய தாள், முன்னட்டையில் இரண்டு மை சரியாகப் பொருந்தாமல் கதாநாயகிக்கு இரட்டை மூக்கு. உள்ளே கதைச் சுருக்கம். கதை சூடு பிடிக்கும் இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'. அதற்குப் பிறகு பாட்டுகள். தாளக்கட்டு இல்லாமல் இழுத்துப் பாடும் முன்பகுதிக்குத் தொகையறா என்று தலைப்பு; அடுத்து பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். ஒவ்வொரு சரணத்தின் அடியிலும் அடைப்புக்குறிக்குள் பல்லவியின் முதல் சொல் மட்டும் இருக்கும். இங்கிருந்து மேலே போ என்று அர்த்தம். தாள் மிச்சம் பிடிக்க அச்சகத்தார் செய்த வேலை அது. ஆனால் பாட்டின் சூட்சுமம் அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருந்தது. அதைக் காட்டிக் கொடுத்தவர் அண்ணாச்சி.

அண்ணாச்சி ஆர்மோனியக்காரர். ஸ்பெஷல் நாடகங்களுக்கு வாசித்த கை. நாடகம் படுத்த பிறகு அம்மன் கொடைக்கும் கல்யாணத்துக்கும் தேர்தலுக்கும் பாட்டுக் கட்டிக் கொடுத்தார். மெட்டு அவருடையதல்ல, அந்த வருஷம் எந்த சினிமாப் பாட்டு ஓடியதோ, அதனுடையது. சொல் எழுத நான். கூலி டீயும் பருப்பு வடையும். வடை தீர்ந்துபோன நாட்களில் டீ மட்டும்.

"ஏலே, சரணத்தோட கடைசிச் சொல்லு போய்ப் பல்லவியோட மொதச் சொல்லுல ஒக்காரணும். இல்லேன்னா பாட்டு நொண்டும், கேட்டியா?" என்பார். நாங்கள் எழுதிய மாரியம்மன் பாட்டில் பல்லவி 'வந்தாள் மாரி வந்தாள்'. முதல் சரணம் 'வேப்பிலை கையில் கொண்டு' என்று முடியும், அங்கிருந்து 'வந்தாள்'. இரண்டாம் சரணம் 'ஊரார் துயரம் தீர்க்க' என்று முடியும், மறுபடி 'வந்தாள்'. பாட்டு முழுவதுக்கும் வினைமுற்று ஒன்றே ஒன்று, அது பல்லவியில். சரணங்கள் எல்லாம் எச்சமாகத் தொங்கிக்கொண்டு அதைத் தேடி வரும். வினைமுற்றைக் கடைசியில் வைக்கிற மொழிக்கு, பாட்டைத் தொடக்கத்துக்கே திருப்பிக்கொண்டு வருகிற கீர்த்தனை அமைப்பு வாகாகப் பொருந்திவிட்டது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை என்கிற சீர்காழி மூவர் காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. அச்சகத்தாரின் அடைப்புக்குறி காட்டியதும் இதைத்தான்.

மெட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பல்லவி நடு ஸ்தாயியில் உட்கார்ந்து பேசும். அனுபல்லவி மேல் ஷட்ஜத்தை எட்டிப் பார்க்கும்; இரண்டாமெழுத்து எதுகையால் பல்லவியோடு உறவு சொல்லிக்கொள்ளும். சரணம் கீழே இறங்கி ஆற அமரக் கதையைச் சொல்லிவிட்டு, பின்பாதியில் அனுபல்லவியின் மெட்டையே பிடித்து மேலே ஏறும். தியாகராஜரின் பல கிருதிகளில் இதைக் கேட்கலாம். சினிமா முதலில் அனுபல்லவியைச் சுருக்கியது. பிறகு பெரும்பாலும் கைவிட்டே விட்டது. அந்த இடத்தை வயலின்கள் எடுத்துக்கொண்டன. எங்களுக்கு நஷ்டமில்லை, எழுத வேண்டிய வரி குறைந்தது.

வேலை நடக்கும் விதம் இதுதான். அண்ணாச்சி கட்டையை அழுத்திக்கொண்டு 'தன்னன்னா தானன்னா தனதன தானா' என்பார். நான் அந்தக் காலி இடங்களில் சொல் போட வேண்டும். 'த' என்றால் குறில். 'தா' என்றால் நெடில். 'தன்' என்றால் ஒற்றின் மேல் சாய்ந்து நிற்கும் குறில். இதற்குத் தத்தகாரம் என்று பெயர். திருப்புகழ்ப் பதிப்புகளில் பாட்டின் தலையில் இப்படி ஒரு சந்தக் குழிப்பு அச்சிட்டிருப்பார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் முருகனை நிரப்பிய மாதிரிக் கட்டங்களில் நாங்கள் வார்டு வேட்பாளரின் பெயரை நிரப்பிக்கொண்டிருந்தோம்.

எந்தக் கட்டத்தில் எது நிற்கும், எது நிற்காது என்பதை ஊருக்கே கற்றுக்கொடுத்தது ஒரு தேர்தல். ஒரு கட்சிக்காரர் எங்கள் டீச்செலவைக் குறைப்பதற்காகத் தாமே எழுதிவிட்டார். ஓடிக்கொண்டிருந்த ஒரு சினிமா மெட்டு. அடியின் கடைசிக்கு முந்தைய எழுத்தில் குரல் நாலு தட்டுக்கு நின்று சுழன்றுவிட்டு இறங்கும். அவர் வரி: 'பறக்குது பாரு நம்ம கொடி'. நீளம் விழுந்த இடத்தில் 'கொ'. குறில் எத்தனை நேரம் குறிலாகவே நிற்கும்? மைக் செட் கட்டிய கார் தெருத் தெருவாகப் போய், 'நம்ம கோ...டி பறக்குது' என்று அறிவித்துவிட்டு வந்தது. மறுநாள் எதிர்க்கட்சிக் கார் அதே தெருக்களில், "கோடி பறப்பதை அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்" என்று நன்றி சொல்லிக்கொண்டு போனது.

இரவோடு இரவாக ஆள் வந்தது. அண்ணாச்சி ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. "இடத்த மாத்திப் போடுங்க, சரியாப் போகும்" என்றார். 'நம்ம கொடி பறக்குது பாரு.' இப்போது நீளம் 'பா'வில் விழுந்தது. நெடில் எவ்வளவு இழுத்தாலும் நெடில்தான். நாலு தட்டு என்ன, தேர்தல் முடிகிறவரை 'பா'வை இழுக்கலாம். கட்சிக்காரர் பழைய பாக்கியையும் சேர்த்துக் கொடுத்தார்.

தமிழில் மெட்டுக்குச் சொல் எழுதுகிறவனுக்கு உள்ள சங்கடம் இது. மற்ற விஷயங்களில் மெட்டு விட்டுக்கொடுக்கும். இலக்கணத்தைத் திருகலாம், எழுவாயை விழுங்கலாம், அர்த்தத்தைக்கூட அடுத்த சரணத்துக்கு ஒத்திப்போடலாம். குறிலை இழுத்தால் மட்டும் மலை மாலையாகிவிடும், படு பாடாகிவிடும். ஆகவே நீளமான ஸ்வரம் கண்ட இடத்தில் ஆ, ஏ, ஓ என்று வாய் திறந்து முடியும் சொல்லைத் தேடி அலைவோம். விளிகள் அப்படித்தான் வந்து குவிந்தன. மானே, தேனே இரண்டும் நேர் நேர் தேமா. ஏகாரத்தில் முடிவதால் மூச்சு இருக்கும்வரை இழுக்கலாம். காதலிக்கும் மானுக்கும் பெரிய சம்பந்தம் ஒன்றும் இல்லை. மெட்டின் வால் நீளமாக இருந்தது, அவ்வளவுதான். 1991இல் வந்த 'குணா' படத்தில், கடிதம் எழுதுகிற பாட்டுக்கு நடுவிலேயே இந்த ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கவிஞரும் மனசாட்சிக்குப் பயப்படாமல் மானே என்று எழுதியிருக்க முடியாது.

எங்கள் மாரியம்மன் பாட்டுக்கு ஊரில் எதிர்ப்பும் இருந்தது. மெட்டு ஒரு மழைக்கால டூயட்டுடையது. பூசாரித் தாத்தா அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "சாமி கும்பிடுத நேரத்துல எனக்கு எம்ஜிஆர் ஞாபகம் வருதுல. இது நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். அண்ணாச்சியிடம் பதில் தயாராக இருந்தது. எட்டயபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர். "பாரதியார் என்ன செஞ்சாரு? கோபாலகிருஷ்ண பாரதியோட நந்தன் சரித்திர மெட்டுல தேசியப் பாட்டு எழுதலையா? இன்ன வர்ணமெட்டுன்னு தலைப்புலயே போட்டுக்கிடலையா?" தாத்தா யோசித்துவிட்டு, "அவரு போட்டாரு, நீரு போடலையே" என்றார். அது நியாயம்தான். சங்க காலத்துக்காரர்கள் இதில் இன்னும் கண்டிப்பு. பரிபாடலில் பல பாட்டுகளின் கீழே எழுதியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண் மூன்றும் இருக்கின்றன. மூன்றாம் பாட்டு கடுவன் இளவெயினனார் எழுதியது, இசை பெட்டனாகனார், பண் பாலையாழ். எங்கள் கொடை விழா நோட்டீசில் மைக் செட் உரிமையாளரின் பெயர் மட்டும் வந்தது, போட்டோவோடு.

அண்ணாச்சியும் நானும் இப்படிப் பாட்டை வளர்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில், என் அப்பா திண்ணையில் உட்கார்ந்து, "பாகவதரோட பாட்டு போச்சு" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். 'ஹரிதாஸ்' (1944) மூன்று தீபாவளி கண்ட கதையை மாதம் ஒருமுறையாவது சொல்வார். பாகவதர் காலத்தில் என் தாத்தா என்ன சொல்லியிருப்பார் என்பதை நாமே ஊகிக்கலாம். கழுகுமலைப் படிக்கட்டில் காவடிச் சிந்து கேட்டு வளர்ந்தவர் அவர்.

இவர்கள் எல்லோரும் அமைப்பு கெட்டுப்போயிற்று என்றார்கள். அமைப்பு எப்போதுமே பாட்டுக்கு வெளியே இருந்து வந்த அளவுதான். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தை ஊற்றுமலை ஜமீன்தாரின் காவடிப் பயணத்தில் பாடியதாகச் சொல்வார்கள். அங்கே அளவெடுத்தது நடக்கிற காலும் தோளில் ஆடுகிற காவடியும். ஆரம்பகாலப் பேசும் படங்களில் படத்துக்கு நாற்பது, ஐம்பது பாட்டு என்றால், அது விடிய விடிய நடந்த நாடகத்தின் அளவு. அப்புறம் அளவெடுத்தது நிமிஷத்துக்கு 78 முறை சுற்றும் பத்தங்குல இசைத்தட்டு. ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும். நீளமான பாட்டை இரண்டு பக்கமாக வெட்டினார்கள். காதலன் முதல் சரணத்தில் உருகி முடித்ததும், யாராவது எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அதுவரை காதலி காத்திருப்பாள். ஒரு பல்லவி, இரண்டு சரணம், இரண்டு இடையிசை என்று நாங்கள் மார்தட்டும் வடிவம், வானத்திலிருந்து இறங்கியதல்ல. அரக்குத் தட்டில் எவ்வளவு இடம் இருந்ததோ, அதற்குள் அடங்கக் கற்றுக்கொண்ட வடிவம்.

இன்று அளவெடுப்பது கட்டைவிரல். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடி கேட்டால்தான் ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. ரீல்ஸில் அதற்குள் இரண்டு பேர் ஆடி முடித்து மூன்றாமவர் சமையல் குறிப்பே சொல்லிவிடுகிறார். முன்னிசை கேட்க எவருக்கும் பொறுமையில்லை. தொகையறா என்றால் கட்டைவிரல் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடும். 2022இல் வந்த 'அரபிக் குத்து' பாட்டில் அரபியைப் போல ஒலிக்கும், எந்த அர்த்தமும் இல்லாத சொற்களை வைத்தார்கள், ஊரே ஆடியது. தத்தகாரத்தைச் சொல்லால் நிரப்பும் வேலை இல்லாமல், தத்தகாரமே பாட்டாகிவிட்டது. நான் கோபப்படலாம் என்று பார்த்தேன். எங்கள் பக்கம் நாற்று நடுகிற பெண்கள் 'தன்னானே' என்று பாடியபோது யாரும் அர்த்தம் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்துவிட்டது. அண்ணாச்சி இருந்தால், "சொல்லு எழுதுத கூலி மிச்சம்" என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

போன வருஷம் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். அவள் தம்பி சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். "மாமா, ஒரு ஆப் இருக்கு. என்ன வேணும்னு சொன்னாப் போதும், ரெண்டு நிமிஷத்துல எழுதி, மெட்டுப் போட்டு, பாடியும் குடுத்துரும்" என்றான். தானே எழுதுகிறது, தானே பாடுகிறது, டீ கேட்பதில்லை. என்னையும் அண்ணாச்சியையும் ஆர்மோனியத்தையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார்கள். அது செய்வதும் எங்கள் தொழில்தான்: யாரோ எப்போதோ போட்ட மெட்டுகளின் சாயலில், யாரோ கேட்ட சொற்களை நிரப்புகிறது. யாருடைய மெட்டு என்று அதுவும் போடுவதில்லை.

செயலி கட்டிய பாட்டு கதையில் தொடங்கி, முக்கால் நிமிஷம் கழித்துத்தான் எல்லோரும் சேர்ந்து பாடும் வரிக்கு வந்தது. மேல்நாட்டுப் பாட்டுகளில் அதுவே வழக்கம். கோரஸ் என்பது போய்ச் சேருகிற இடம். நம் பல்லவி கிளம்புகிற இடம். நம்மூரில் வீட்டு விலாசத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் வழி சொல்வார்கள். மண்டபத்தில் இருந்த பெரியவர்கள், பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று பக்கத்தில் விசாரித்தார்கள். ஆரம்பித்து ஒரு நிமிஷம் ஆகியிருந்தது.

அப்புறம்தான் அந்த வரி வந்தது: 'பொன்னகை எதற்கு, புன்னகை இருக்க'. தேய்ந்த வரிதான், நானே இரண்டு கல்யாணத்துக்கு விற்றிருக்கிறேன். ஆனால் மெட்டு 'ன'வில் நீண்டது. செயலிக்கு எந்த அண்ணாச்சியும் சொல்லிக்கொடுக்கவில்லை. தேன் போன்ற ஒரு பெண் குரல், சுருதி இம்மியும் பிசகாமல், 'புன்னாகை' என்று பாடியது. நான் காதைப் பொத்தப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் நாகப்பட்டினத்துக்காரர்கள். பாட்டில் தங்கள் ஊரையும் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். "ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்கீங்க தம்பி" என்று சம்பந்தி மருமகனின் தோளில் தட்டினார். தம்பி அடக்கமாகச் சிரித்தான். எங்கள் காலத்தில் இந்த மாதிரிப் பாராட்டு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை.

அடுத்து கல்யாண அழைப்பு வீடியோ. "மாமா, முப்பது செகண்ட்தான். அதுக்கு மேல யாரும் பாக்க மாட்டாங்க. இந்த தடவை நீங்க எழுதிக் குடுங்க, ஆப் பாடட்டும்" என்றான் மருமகன். நாகை விஷயத்தை நான் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தேன். காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். நிமிஷத்துக்கு 120 தட்டு என்றால் 30 விநாடிக்கு 60 தட்டு. ஆதி தாளத்துக்கு எட்டு. அறுபதை எட்டால் வகுத்தால் ஏழரை ஆவர்த்தனம்.

"ஏழரையா?" என்றாள் அக்கா அடுக்களையிலிருந்து. "கல்யாண காரியத்துல சனியை எதுக்குடா இழுத்து விடுத?"

வேகத்தை 128க்கு ஏற்றினேன். 64 தட்டு, எட்டு ஆவர்த்தனம், சனி விலகியது. பல்லவி இரண்டு முறைக்கு நாலு ஆவர்த்தனம். மேலே ஏறி ஒரு எட்டுப் பார்க்க இரண்டு. பல்லவிக்குத் திரும்ப இரண்டு. நீளம் விழும் இடமெல்லாம் பொறுக்கி எடுத்த நெடில். எங்கேயும் செயலிக்கு இழுக்கக் குறில் வைக்கவில்லை. எழுதி முடித்துப் பார்த்தால், இசைத்தட்டுக் காலத்திலேயே சினிமா கழற்றிவிடத் தொடங்கிய அனுபல்லவி, முப்பது விநாடி வாட்ஸ்அப் வீடியோவில் வந்து உட்கார்ந்திருக்கிறது, எதுகையோடு.

"சரணம் எங்க மாமா?" என்றான். வம்சத்தில் அந்தச் சொல் தெரிந்த ஒரே பையன் என்பதால் பொறுமையாகவே பதில் சொன்னேன். இடமில்லை. சரணம் கேட்க ஆசைப்படுகிறவர்கள் கல்யாணத்துக்கு நேரில் வரட்டும். மொய் எழுதும் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று பாடச் சொல்கிறேன்.